பிளாஸ்டிக் ரைஃபிள் ஸ்டாக்கின் நெகிழ்வை வீட்டிலேயே குறைக்க முடியுமா?

வடஏரி கேட்டது:

வணக்கம். வட ஒன்டாரியோவில் வெண்வால் மான் வேட்டைக்காக நான் வைத்திருக்கும் .308 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளின் ஸ்டாக் (குழலைத் தாங்கும், தோளில் ஊன்றும் உடற்பகுதி), அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் முன்பகுதி உள்ளே வெற்றாக, சில குறுக்குத் தடுப்புகளுடன் மட்டும் இருக்கிறது. மணல் பையின் மீது வைத்துச் சுடும்போது தோட்டாக்கள் ஒரே இடத்தில் குவிகின்றன. ஆனால் பைபாட் (முன்பகுதியில் மாட்டும் இருகால் தாங்கி) பொருத்தி, தோளால் முன்னோக்கி அழுத்திச் சுட்டால் படும் இடம் விலகிவிடுகிறது. தரமான வேறொரு ஸ்டாக்கின் விலை ரைஃபிளின் விலையையே நெருங்குவதால், இருப்பதை உறுதிப்படுத்த விரும்புகிறேன். வெற்றிடம் முழுவதும் எப்பாக்ஸியை (இரு பகுதிகளைக் கலந்தால் இறுகும் பிசினை) ஊற்றி நிரப்பினால் போதுமா?

உளியன்:

வணக்கம் நண்பரே. எதையும் ஊற்றுவதற்கு முன், நெகிழ்வுதான் காரணமா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைச் சரிபார்த்து, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளையை) கழற்றிவிட்டு, குழலுக்கும் ஸ்டாக்குக்கும் இடையே ஒரு தாள் துண்டைச் செருகுங்கள். பைபாடை ஊன்றி, சுடும்போது கொடுக்கும் அதே அழுத்தத்தைக் கொடுக்கையில் தாள் இறுகிக்கொண்டால், முன்பகுதி வளைந்து குழலைத் தொடுகிறது என்று பொருள். தாள் தடையின்றி நகர்ந்தால், ஆக்‌ஷன் (போல்ட் இயங்கும் உலோகப் பகுதி) அமரும் இடத்தையும் அதன் திருகுகளின் இறுக்கத்தையும் முதலில் பார்க்க வேண்டும்.

எப்பாக்ஸியை மட்டும் நிரப்புவது எடையைக் கூட்டுமே தவிர, எதிர்பார்க்கும் அளவுக்கு விறைப்பைத் தராது. கெட்டியான எப்பாக்ஸியின் விறைப்பு ஏறக்குறைய 3 கிகாபாஸ்கல்தான்; அலுமினியத்துக்கு அது 70, எஃகுக்கு 200. ஆகவே வளைவைத் தாங்க வேண்டியவை உள்ளே பதிக்கும் கம்பிகளே, எப்பாக்ஸி அவற்றைப் பிடித்துவைக்கும் பசை மட்டுமே. பழைய கார்பன் ஃபைபர் அம்புத் தண்டுகள் இதற்கு மிகவும் ஏற்றவை, ஏனெனில் அவை இலேசானவை, குளிரில் சுருங்குவதும் மிகக் குறைவு. ஒரு கம்பியை ஸ்டாக்கின் அடிப்பக்கத்தை ஒட்டியும், இரண்டை மேல் விளிம்புகளை ஒட்டியும் வையுங்கள். வளைவின் நடு அச்சிலிருந்து கம்பி எவ்வளவு விலகியிருக்கிறதோ, அந்தத் தொலைவின் இருமடிக்கு ஏற்ப அதன் பயன் கூடும். மூன்றையும் நடுவில் கட்டாக வைத்தால் உழைப்பு வீணாகும். குறுக்குத் தடுப்புகளில் துளையிட்டு, கம்பிகள் ரீகாயில் லக் (சுடும்போது வரும் பின்னுதைப்பை ஸ்டாக்குக்குக் கடத்தும் உலோகப் புடைப்பு) அமரும் சுவர் வரை பின்னோக்கிச் செல்லுமாறு பதிக்க வேண்டும், ஏனெனில் ஸ்டாக் பெரும்பாலும் வளைவது அந்தச் சுவருக்குச் சற்று முன்னால்தான்.

ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையைத் தவிருங்கள். கனமாக ஊற்றினால் அது தன் சூட்டிலேயே பிளாஸ்டிக்கைக் கோணலாக்கிவிடக்கூடும். மெதுவாக இறுகும் வகையை, அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கின் சூடும் தணிந்த பிறகு ஊற்றுவதே முறை.

தச்சன்மகன்:

உளியன் கூறியதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இந்த வேலை பெரும்பாலும் தோற்பது ஒட்டும் இடத்தில்தான் என்பதால், அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பாலிபுரொப்பிலீன் மீது எப்பாக்ஸி சரியாக ஒட்டாது. இறுகிய பின் மொத்தமாகப் பெயர்ந்து வந்துவிடும். ஸ்டாக்கின் உட்புறத்திலிருந்து ஒரு சிறு சீவலைச் சீவி, சோப்பு கலந்த நீரில் அமிழ்த்திப் பாருங்கள். மிதந்தால் அது பாலிபுரொப்பிலீன் இனத்தைச் சேர்ந்தது என்று கொள்ளலாம். மூழ்கினால் பெரும்பாலும் நைலான், ஆயினும் கண்ணாடி இழை கலந்த பாலிபுரொப்பிலீனும் மூழ்கும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். எதுவாயினும், உட்புறத்தைக் கரடான உப்புத்தாளால் தேய்த்து, சுவர்களில் வெளியே ஊடுருவாதபடி சாய்வான குழிகளைத் துளைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். எப்பாக்ஸி அந்தக் குழிகளுக்குள் புகுந்து இறுகினால், ஒட்டாவிட்டாலும் கழன்று வராது. தேய்க்கும்போது முகக்கவசமும், கலக்கும்போது நைட்ரைல் கையுறையும் கட்டாயம். எப்பாக்ஸி தோலில் மீண்டும் மீண்டும் பட்டால் ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்துவிட்டால் அது எளிதில் விலகாது.

வடஏரி:

இருவருக்கும் மிக்க நன்றி. தாள் சோதனையைச் செய்து பார்த்தேன்; பைபாடை அழுத்தியவுடன் தாள் அசையவே இல்லை. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. ஸ்டாக் வளைவதோடு பக்கவாட்டில் முறுக்கவும் செய்கிறது. அதற்கும் இந்தக் கம்பிகள் போதுமா? வெப்பமூட்டாத கராஜில் இதைச் செய்யலாமா?

உளியன்:

முறுக்கத்துக்குக் கம்பிகள் அதிகம் உதவா. மேற்புறம் திறந்த தொட்டியைப் போன்ற வடிவம் என்பதால்தான் அது எளிதில் முறுகுகிறது. கம்பிகளைப் பதித்த பிறகு, கார்பன் ஃபைபர் துணியை அதன் இழைகள் 45 பாகைச் சாய்வில் அமையுமாறு வெட்டி, எப்பாக்ஸியில் தோய்த்து, பள்ளத்தின் இரு சுவர்களையும் இணைக்கும்படி மேலே விரியுங்கள். குழலுக்கான இடைவெளி குறையாமலிருக்க, குழலின் மீது இரண்டு மூன்று சுற்று நாடா ஒட்டி, அதற்கு மேல் மெழுகுக் காலணிப் பாலிஷ் பூசி, பொருத்திப் பார்த்தபடியே வேலை செய்யுங்கள். ரீகாயில் லக் பள்ளத்தையும் திருகுத் துளையையும் களிமண்ணால் அடைத்துவிடுங்கள்.

குளிர்ந்த கராஜில் எப்பாக்ஸி சரியாக இறுகாது. வீட்டுக்குள் காற்றோட்டமுள்ள அறையில் 20 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் வைத்து, டப்பாவில் குறிப்பிட்ட முழுக் கால அளவும் முடிந்த பிறகே துப்பாக்கியை மீண்டும் பூட்டுங்கள். பூட்டியதும் தாள் சோதனையை மறுபடியும் செய்து, பிறகு சுடுதளத்தில் பைபாடுடன் புதிதாகக் குறியைச் சரிசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் பழைய குறி இனி பொருந்தாது.