ரிசீவர் போச்சு, மாத்தினவங்க அனுபவம் சொல்லுங்க (பட்ஜெட் 50 ஆயிரம்)

மேடவாக்கத்தான்

ஐப்பசி மழை, ராத்திரி பதினொன்றரை. "இடி இடிக்குது, டிஷ் ஒயரைப் பிடுங்கி விடுடா"ன்னு அப்பா உள்ளேர்ந்து சொன்னார். நான் சுவிட்சை மட்டும் அணைச்சிட்டுப் படுத்துட்டேன். அந்த ஒரு நிமிஷ சோம்பல் இன்னும் உறுத்துது.

காலைல ரிசீவரை (டிவி சத்தத்தை வாங்கிப் பெருக்கி எல்லா ஸ்பீக்கருக்கும் பிரிச்சு அனுப்புற பெட்டி) போட்டா டிஸ்ப்ளே எரியுது, எஃப்எம் அருமையாப் பாடுது, எச்டிஎம்ஐ மட்டும் மொத்தமா அவுட். எந்த இன்புட்டுக்கும் படமும் இல்ல, சத்தமும் இல்ல. செட்டாப் பாக்ஸும் காலி, டிவியில ஒரு போர்ட்டும் காலி. மின்னல் வந்த வழி தெளிவாத் தெரியுது: டிஷ், கோஆக்ஸ் ஒயர், பாக்ஸ், எச்டிஎம்ஐ, ரிசீவர். சர்வீஸ்ல "2014 மாடலுக்கு இப்ப போர்டு வர்றதில்ல சார்"னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க.

5.1 ஸ்பீக்கர் செட் (அஞ்சு ஸ்பீக்கர், தாழ்ந்த சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர்) நல்லா இருக்கு, அதை மாத்தப் போறதில்ல. டிவியில இ-ஆர்க் (டிவி சத்தத்தை எச்டிஎம்ஐ ஒயர்லயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்புற வசதி) இருக்கு. வாடகை வீடு, சீலிங்ல ஸ்பீக்கர் மாட்ட ஓட்டை போட முடியாது. கேம் கிடையாது. 50க்குள்ள எது எடுத்தீங்க, எடுத்தப்புறம் என்ன தோணுச்சு, அதைச் சொல்லுங்க. ஸ்பெக் ஷீட் நானே படிச்சுக்கிறேன்.

பீளமேடு பாஸ்

நாங்க போன வருசம் மாத்துனதுங்க. பழசுல ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் கையால லெவல் வெச்சு ஒம்பது வருசம் ஓட்டுனோம். புதுசு டெனான் எக்ஸ்1700எச். மைக் வெச்சு ரூமை அளக்குற ஆடிசி உள்ளயே இருக்குதுங்க.

சொல்ல வந்தது அந்த மைக் வெச்ச மத்தியானத்தைப் பத்தி. முதல் தடவை போட்டதும் "சுற்றுச் சத்தம் அதிகம்"னு நின்னு போச்சு. ஃபேன். சரின்னு ஃபேனை அணைச்சு, ஜன்னலைச் சாத்தி, ஃப்ரிட்ஜைப் பிடுங்கிட்டு ஆரம்பிச்சோம். சித்திரை வெயிலுங்க, வேர்த்துக் கொட்டுது. எட்டு இடத்துல மைக்கை மாத்தி மாத்தி வெக்கணும். ஆறாவது இடத்துல சமையக்கட்டுல குக்கர் விசில். மறுபடியும் அந்த இடத்தை அளக்கச் சொல்லுது. அம்மா அடுப்பை அணைச்சிட்டு வந்து வாசப்படியில உக்காந்து மூச்சு விடாமப் பார்த்துட்டிருந்தாங்க.

அன்னைக்கு சாயங்காலம் ஒரு பழைய படம் போட்டோம். அம்மா ரெண்டு மூணு வருசமாவே "பேசுறது ஒண்ணும் புரியறதில்ல, பாட்டு மட்டும் காதைப் பிளக்குது"ன்னு சொல்லிட்டிருந்தவங்க. எல்லாரும் அவங்களுக்குக் காது மந்தமாயிடுச்சுன்னே நினைச்சோம். பத்து நிமிசம் பார்த்துட்டு, "இப்பத்தான்டா வசனம் கேக்குது"ன்னாங்க. வசனம் வர்ற சென்டர் ஸ்பீக்கரை இத்தனை வருசமாக் கம்மியா வெச்சிருந்தது நான். அவங்க காதுல குறையே இல்லைங்க.

ஒண்ணே ஒண்ணு. அளந்து முடிச்சதும் முன்னாடி ரெண்டு ஸ்பீக்கரையும் அதுவே "லார்ஜ்"னு போட்டிருந்தது. "ஸ்மால்" ஆக்கி 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டி விட்டேன். தாழ்ந்த சத்தத்தை சப் பார்த்துக்கட்டும்.

ரிச்சித்தெரு ரசிகன்

நண்பரே, நான் சென்ற மாதம் ரிச்சி தெருவில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். ஓர் இளைஞர், புதிதாகக் கல்யாணமானவர் போலிருந்தது, இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றில் 80 வாட், இன்னொன்றில் 145 வாட். கடைக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் 145-ஐத் தூக்கிக்கொண்டு போனார். நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அந்த 80 வாட் என்பது இரண்டு சேனலும் (ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு சேனல்) சேர்ந்து ஓடும்போது, 8 ஓம் சுமையில், 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08 சதவீதச் சிதைவோடு அளந்தது. 145 என்பது ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, 6 ஓமில், 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒற்றைச் சுருதியில், 10 சதவீதச் சிதைவோடு அளந்தது. 10 சதவீதம் சிதைந்தால் அது பாட்டே இல்லை, கரகரப்பு. பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இதெல்லாம் அச்சிட்டிருக்கும், யாரும் குனிந்து பார்ப்பதில்லை. இரண்டையும் ஒரே முறையில் அளந்தால் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினால் சத்தம் 3 டெசிபெல்தான் கூடும். 80-ஐ 100 ஆக்கினால் 1 டெசிபெல்கூட முழுசாகக் கூடாது, காதுக்குத் தெரிவதே அரிது. அதைவிட ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியை (ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்ற அளவு) பாருங்கள். 87 டெசிபெல் ஸ்பீக்கரை விட்டுவிட்டு 90 டெசிபெல் ஸ்பீக்கர் எடுப்பது ஆம்ப்ளிஃபயரை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். ஒயர் 16 கேஜ் போதும், பதினைந்து மீட்டருக்கு மேல் ஓடினால் 14 (எண் குறையக் குறைய ஒயர் தடிமன் கூடும்). பதினான்காயிரம் ரூபாய் ஒயரெல்லாம் தேவையில்லை. பட்ஜெட்டில் மீதி இருந்தால் சப்வூஃபரில் போடுங்கள்.

வேளச்சேரி வினோ

@ரிச்சித்தெரு ரசிகன் சார், நீங்க சொல்றது சின்ன ரூமுக்கு சரி. எங்க ஹால் 22க்கு 16 அடி, ஒரு பக்கம் டைனிங் திறந்தே இருக்கும். ஸ்பீக்கர் 84 டெசிபெல், 4 ஓம். ஒரு பொங்கல் அன்னைக்கு வீடு நிறைய சொந்தக்காரங்க, வால்யூமை ஏத்திக்கிட்டே போனேன். ஆம்ப் தாங்காம கிளிப் ஆகி (சத்தம் உச்சத்துல வெட்டுப்பட்டு) இடது பக்க ட்வீட்டர் (கீச்சுச் சத்தம் தர்ற சின்ன ஸ்பீக்கர்) செத்துப் போச்சு. "ட்ஸ்ஸ்"னு ஒரு சின்ன சத்தம், அப்புறம் அந்தப் பக்கம் கீச்சுச் சத்தமே இல்ல. சித்தப்பா கூட கவனிக்கல, எனக்கு மட்டும்தான் தெரிஞ்சுது. மீதிப் படம் முழுக்க அந்தப் பக்கமே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். வாட் ஒண்ணுமே இல்லன்னு எல்லாருக்கும் பொதுவா சொல்லாதீங்க.

ரிச்சித்தெரு ரசிகன்

நான் வாட் வேண்டாம் என்று சொல்லவில்லை, பெட்டியில் அச்சிட்ட வாட்டை நம்ப வேண்டாம் என்றேன். 4 ஓம் ஸ்பீக்கருக்கு ப்ரீ-அவுட் (வெளியில் தனி ஆம்ப் இணைக்கும் வழி) உள்ள ரிசீவர் எடுத்துத் தனி பவர் ஆம்ப் போட்டிருக்க வேண்டும்.

வேளச்சேரி வினோ

50 ஆயிரத்துல ப்ரீ-அவுட்டும் தனி ஆம்பும் எங்க சார் வரும்?

நெல்லை ஸ்பீக்கர்

என் கதையைக் கேட்டுட்டு அப்புறம் வெளிநாட்டுப் பெட்டிக்கு ஆசைப்படுங்க. அத்தான் நியூஜெர்சியிலேர்ந்து வரும்போது ஒரு ரிசீவர் கொண்டாந்தாரு. பத்து கிலோ பெட்டி, அவரோட துணிமணியையெல்லாம் கொறைச்சுக்கிட்டு தூக்கியாந்தாரு. அங்க தள்ளுபடியில இங்க விலைக்குப் பாதிதான். ஆனா அது 120 வோல்ட். நமக்கு 230. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு செங்கல் மாதிரி, ரிசீவருக்குப் பின்னாடி "உம்ம்"ன்னு முனகிக்கிட்டே கெடக்கும். ரெண்டு வருசம் அப்படித்தான் ஓடுச்சு.

வீட்டுக்கு வெள்ளையடிச்சோம். சாமானையெல்லாம் நகட்டி வச்சு, முடிஞ்சதும் எலக்ட்ரீசியன் தம்பி நல்ல மனசோட எல்லாத்தையும் மறுபடி மாட்டிக் குடுத்தான். அமெரிக்க பின்னுக்கு ஒரு கன்வர்ட்டர் பின் மேசையில கெடந்திருக்கு. அதை மாட்டி நேரா சுவத்துல சொருகிட்டான். 'டப்'னு ஒண்ணு. புகை கூட பெருசா வரல, வார்னிஷ் கருகுன வாடைதான். அந்தத் தம்பி முகம் வெளிறிப் போச்சு. "அண்ணே, நான் கட்டிருதேன்"னு சொல்லுதான், அவன் ஒரு மாசக் கூலி அது. வேண்டாம்னுட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் மேல ஒரு சீட்டு எழுதி ஒட்டாதது என் தப்பு. அந்த மொகம் இன்னும் கண்ணுல நிக்கி. அத்தானுக்கு இன்னைய வரைக்கும் சொல்லல.

இந்தியா பில், இந்தியா வாரண்டி. வேற எதுவும் வேண்டாம். துபாய், சிங்கப்பூர்லேர்ந்து வந்தா வோல்ட் ஒத்துப்போவும், ஆனா வாரண்டி கெடைக்குமான்னு வாங்கும் முன்னாடியே கேட்டுக்கிடுங்க.

அம்பத்தூர் ஆப்டிகல்

மேடவாக்கத்தான் ப்ரோ, உங்க பெட்டியை இன்னும் தூக்கிப் போடலையே? போடாதீங்க.

என்னுது 2012 மாடல். 4கே டிவி வாங்கினதும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை ரிசீவர் வழியா விட்டேன், எச்டிசிபி 2.2 (4கே படத்துக்கான திருட்டுத் தடுப்புப் பூட்டு) இல்லாததால 4கே வரல. ரிசீவர் காலாவதின்னு முடிவு கட்டி புதுசு வாங்கிட்டேன். பழசை நாலாயிரத்துக்கு ஒரு காலேஜ் பையனுக்குக் குடுத்தேன். மாட்டிக் குடுங்கண்ணான்னு கேட்டான், போனேன். அவன் ஸ்டிக்கை டிவியில நேரா சொருகி, டிவியிலேர்ந்து ஒரு ஆப்டிகல் ஒயர் ரிசீவருக்கு இழுத்தான். 150 ரூபா ஒயர். டிஸ்ப்ளேல "டால்பி டிஜிட்டல்"னு வந்துச்சு. அஞ்சு பக்கமும் சத்தம். படம் 4கேல டிவியில. என் வீட்டுல புதுசுல கேக்குற அதே சத்தம்.

அவன் "சூப்பர்ணா"ங்கிறான், எனக்குப் பேச்சு வரல. எனக்கும் சீலிங் ஸ்பீக்கர் கிடையாது, அதே 5.1தான். நான் எதுக்கு முப்பத்தெட்டாயிரம் குடுத்தேன்?

உங்க கேஸ்ல எச்டிஎம்ஐ போர்டுதான் போயிருக்கு. ஆப்டிகல் தனி வழி, அது உயிரோட இருக்கலாம். இன்னைக்கு ராத்திரியே சொருகிப் பாருங்க. ஆப்டிகல்ல டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1 வரைக்கும் போகும். அட்மாஸ் (மேலேர்ந்தும் சத்தம் வர்ற மாதிரி செய்யிற டால்பி முறை) போகாது, டால்பி டிஜிட்டல் பிளஸும் போகாது, டிவி அதை சாதா டால்பியா மாத்திக் குடுக்கணும். என் டிவி, அந்தப் பையன் டிவி ரெண்டும் மாத்துச்சு.

குரோம்பேட்டை கேமர்

கேம் கிடையாதுன்னு சொல்லிட்டீங்க, இருந்தாலும் செகண்ட் ஹேண்ட் தேடுறவங்க இதைப் படிங்க. 2020ல வந்த முதல் செட் எச்டிஎம்ஐ 2.1 ரிசீவர்கள் பலதுலயும் ஒரே சிப் குறை. 4கே 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 படம்) சிக்னல் அனுப்பினா சில கேம் கன்சோல்களுக்குத் திரை கருப்பாயிடும். ஊரறிஞ்ச விஷயம். எனக்கு மட்டும் தெரியல. ஒருத்தர்கிட்ட "8கே சப்போர்ட்"னு ஸ்டிக்கர் ஒட்டின பெட்டியை வாங்கிட்டு வந்து, தம்பி பிறந்தநாளுக்குக் கன்சோலை மாட்டினேன். பத்துப் பசங்க சோபாவுல. திரை கருப்பு. சத்தம் வருது, படம் இல்ல. ஒரு மணி நேரம் ஒயர் மாத்தினேன், பசங்க ஒவ்வொருத்தரா எழுந்து மாடிக்குப் போயிட்டாங்க.

அப்புறம் கன்சோலை டிவியில நேரா மாட்டி, இ-ஆர்க் வழியா சத்தத்தை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பினேன். இன்னைக்கும் அப்படித்தான் ஓடுது, எந்தக் குறையும் இல்ல. சொல்லப்போனா டிவியில இ-ஆர்க் இருந்தா ரிசீவர்ல எத்தனை எச்டிஎம்ஐன்னு எண்ணவே வேண்டாம். டிவியில எத்தனைன்னு எண்ணுங்க.

திருச்சி மின்வாரியப் பிள்ளை

கேக்கலைன்னாலும் சொல்றேன், ஏன்னா முதல் பதிவுல இருக்கிற தப்பு நாளைக்கே புது ரிசீவருக்கும் நடக்கும். எங்க தெருவுல போன கார்த்திகையில ஒரே மின்னல்ல நாலு செட்டாப் பாக்ஸ் போச்சு. எங்க வீட்டுதும் ஒண்ணு.

சுவிட்சை அணைக்கிறது கரண்ட் வழியை மட்டும்தான் துண்டிக்குது. அதுவும் பாதிதான், ஏன்னா சுவிட்ச் ஃபேஸை மட்டும் வெட்டும், நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்தேதான் இருக்கும். ஸ்பைக் கார்டு போட்டிருந்தாலும் அது பவர் லைனுக்குத்தான். மேடவாக்கத்தார் வீட்டுல வந்தது மொட்டை மாடி டிஷ்லேர்ந்து கோஆக்ஸ் வழியா. அதுக்கு ஸ்பைக் கார்டு என்ன பண்ணும்? டிஷ் கம்பத்தையும் கோஆக்ஸையும் எர்த் பண்ணணும், அதுவும் வீட்டு எர்த்தோட ஒண்ணா இணைச்சு. தனியா ஒரு கம்பியை மண்ணுல குத்தி வச்சா ரெண்டு எர்த்துக்கும் நடுவுல வோல்டேஜ் வித்தியாசம் வந்து அது இன்னும் மோசம். முக்கால்வாசி வீட்டுல டிஷ் மாட்ட வர்ற பையன் இதெல்லாம் பண்றதே இல்ல, நாலு போல்ட்டை முடுக்கிட்டுப் போயிடறான். நேரடி இடிக்கு எதுவும் தாங்காது. அதனால ஒயரைக் கையால பிடுங்கறதுதான் ஒரே வழி. அதுவும் இடி தலைக்கு மேல வர்றதுக்கு முன்னாடியே. இடிக்கும்போது போய் ஒயரைத் தொடாதீங்க. உங்கப்பா சொன்னது சரி, கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கணும்.

எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தை மீட்டர் வச்சு அளக்கச் சொல்லுங்க. வாடகை வீடா இருந்தா ஓனர்கிட்ட கேளுங்க. கேக்கறதுக்கு சங்கடப்படாதீங்க.

மேடவாக்கத்தான்

எல்லாருக்கும் நன்றி. ஆப்டிகல் சொருகிப் பார்த்தேன். ரெண்டு நாள் ஓடுச்சு, மூணாவது நாள் அதுவும் விட்டு விட்டு வந்து நின்னு போச்சு. போர்டுல பாதிப்பு பரவியிருக்கும் போல. அந்த ரெண்டு நாளும் ரொம்ப நம்பிக்கையா இருந்தேன்.

நேத்து யமஹா ஆர்எக்ஸ்-வி4ஏ எடுத்துட்டேன். 5.2 (ரெண்டு சப் வரைக்கும் மாட்டலாம்), அட்மாஸ் கிடையாது, எனக்கு அது வேண்டாம். டிவியிலேர்ந்து ஒரே ஒயர், இ-ஆர்க். பட்ஜெட்ல மிச்சம் வந்ததை ரசிகன் சார் சொன்ன மாதிரி சப்புக்கு எடுத்து வச்சிருக்கேன். ஃபேனை அணைச்சிட்டுத்தான் மைக் வச்சேன் பீளமேடு பாஸ், குக்கருக்கும் லீவு. அப்பாவை நடு சோபாவுல உக்கார வச்சு அவர் கேட்ட முதல் விஷயம் செய்தி. வானிலை அறிக்கை அஞ்சு ஸ்பீக்கர்ல கேட்டோம்.

டிஷ் எர்த் பத்தி ஓனர்கிட்ட பேசியிருக்கேன், "பார்க்கலாம்"ங்கிறார்.

தென்காசிக்காரன்

லேட்டா வாரேன். பெட்டியை எங்க வச்சிருக்கீங்க? மர அலமாரிக்குள்ளயா? மேல அரை அடியாவது இடம் விடுங்க. சூடு ஒரு காரணம், இன்னொண்ணு பல்லி. சூட்டுக்கு மேல உள்ள ஓட்டை வழியா உள்ள போயிரும். எங்க வீட்டுல ரிசீவர் தானா அணைஞ்சு அணைஞ்சு வந்துச்சு, மூணு மாசம் என்னன்னே தெரியல. தெறந்து பார்த்தா பவர் போர்டு மேல ஒரு பல்லி கருகிக் காஞ்சு ஒட்டிக்கிட்டு கெடந்துச்சு. பிரஷ்ஷால சுத்தம் பண்ணி, போர்டுல கருகின ரெண்டு இணைப்பை மறுபடி சால்டர் வச்சோம். ஓடுது. அந்த ஓட்டைக்கு மேல இப்ப கொசுவலைத் துணி ஒரு அடுக்கு போட்டிருக்கேன், காத்து போற மாதிரி. சூடு கூடுதான்னு தெனமும் கை வச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கேன். வேற யாராவது இதுக்கு வழி கண்டுபிடிச்சிருந்தா சொல்லுங்க.