கூண்டு வண்டியும் ஆறுக்கு ஆறு கட்டையும்

குழு: செல்லம்மா இல்லம்
சனிக்கிழமை (கால்கரி நேரம்)

முரளி, மாலை 6:38
[படம்]
எல்லோரும் இதைப் பாருங்கள். பிக்கப் வண்டியின் பின் தொட்டியில் ஏற்றும் கேம்பர் வீட்டை அதன் நான்கு ஜாக்கிக் கால்களிலும் முழு உயரத்துக்குத் தூக்கிவிட்டேன். இதற்கு மேல் ஒரு நூல்கூட ஏறாது. ஆனால் புது பிக்கப்பின் தொட்டித் தளம் இன்னும் ஒரு அங்குலம் மேலே இருக்கிறது. விற்றவர் எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று அடித்துச் சொன்னார்.

முரளி, 6:39
கொல்லையில் நான்கு ஹாலோ பிளாக் கற்கள் கிடக்கின்றன. காலுக்கு ஒன்றாக வைத்து ஏற்றிவிடலாம் என்று பார்க்கிறேன். நாளை கனனாஸ்கிஸ் மலைப்பகுதிக்குக் கிளம்ப வேண்டும்.

பாலு மாமா, 6:41
மாப்பிள்ளை, கல்லைத் தொடாதே.

பாலு மாமா, 6:42
மரம் உடைவதற்கு முன்னால் நசுங்கும், முனகும். விலகி ஓட நேரம் கிடைக்கும். ஹாலோ பிளாக் சொல்லாமல் கொள்ளாமல் பொடியாகும். நீ தூக்கி நிறுத்தியிருப்பது ஒரு டன்னுக்கு மேல்.

கவிதா, 6:42
அரை மணி நேரமாக நானும் இதையேதான் சொல்கிறேன், அண்ணா.

சித்தப்பா, 6:45
நாமக்கல்லில் இப்போதுதான் விடிந்திருக்கிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்க்கிறார்கள். லாரி மேல் வீடா என்று கேட்கிறார்கள்.

முரளி, 6:47
ஆமாம் என்று அப்பத்தாவிடம் சொல்லுங்கள், சித்தப்பா. அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் உள்ளே. படுக்கை மட்டும் கேபின் கூரைக்கு மேல் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும்.

சித்தப்பா, 6:48
"நம் கூண்டு வண்டிதானே, இதற்கா இத்தனை கூத்து" என்கிறார்கள்.

பாலு மாமா, 6:50
அளவு நாடாவை எடு. தரையிலிருந்து தொட்டித் தளம் எவ்வளவு? தளத்திலிருந்து பக்கச் சுவரின் விளிம்பு? தளத்திலிருந்து கேபின் கூரை? கேம்பரில் அதன் அடியிலிருந்து, தொட்டிச் சுவருக்கு மேல் நீட்டும் பக்கச் சிறகும் மூக்கும் எவ்வளவு?

முரளி, 7:03
தளம் 38. சுவர் 21. கூரை 40. கேம்பரின் சிறகு 20, மூக்கு 42. எல்லாம் அங்குலம்.

பாலு மாமா, 7:06
அப்படியென்றால் ஜாக்கி உயரம் இரண்டாவது கவலை. முதல் கவலை அந்த 20, 21. புது வண்டிகளின் தொட்டி ஆழம் கூடிவிட்டது. அப்படியே இறக்கினால் கேம்பர் தளத்தில் உட்காராது, சிறகு இரண்டும் பக்கச் சுவரில் தொங்கும். தகரம் மடங்கும், சிறகும் பிளக்கும்.

பாலு மாமா, 7:09
தளத்தில் ஒரு மேடை போடு. கடையில் இரண்டுக்கு நான்கு என்று விற்கும் மரச் சட்டத்தைப் படுக்கைவாட்டில் வைத்தால் ஒன்றரை அங்குலம், மேலே அரை அங்குல பிளைவுட். ஆக 2. வழுக்காமல் இருக்க மேலும் கீழும் ரப்பர் விரிப்பு, அந்தக் கனத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள். மூக்குக்கும் கூரைக்கும் நடுவே 4 அங்குலம் கிடைக்கும்.

முரளி, 7:10
அப்படியானால் ஜாக்கி இன்னும் உயர வேண்டுமே?

பாலு மாமா, 7:13
38, மேடை 2, உரசாமல் நுழைய 2. மொத்தம் 42. உன் ஜாக்கி தருவது 37. ஐந்து குறைகிறது. ஆறுக்கு ஆறு என்று கடையில் விற்கும் கட்டையின் உண்மையான கனம் ஐந்தரை. அரை அங்குலத்தில் விரிப்பும் அடங்கிவிடும். காலுக்கு இரண்டு கட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருகாணியால் ஒன்றாக முடுக்கு. ஒற்றைக் கட்டை உருளும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கவே கூடாது.

முரளி, 7:15
ஒவ்வொரு காலாகத் தூக்கிக் கட்டையைச் செருகிவிடுகிறேன்.

பாலு மாமா, 7:15
அங்கேதான் கவிழும். மூன்று காலில் நிற்கும் கேம்பர் எந்தப் பக்கம் சாயும் என்று அதற்கே தெரியாது. நான்கையும் சிறிது சிறிதாகச் சமமாக இறக்கு. அடியில் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, கேம்பரின் வயிறு அதில் முழுமையாகப் படுக்கட்டும். பிறகு கால்களைச் சுருக்கி, பாதத்தின் கீழ் கட்டை வைத்து, மறுபடி ஏற்று. ஒரு மூலையில் ஓர் அங்குலம், அடுத்த மூலையில் ஓர் அங்குலம். மூக்குப் பக்கம் ஒரு விரல் உயரமாகவே இருக்கட்டும்.

கவிதா, 7:17
இவர் நிறுத்தியிருப்பது பின் சந்தின் சரளை மேல்.

பாலு மாமா, 7:18
நாளை முன்வாசல் கான்கிரீட்டுக்குக் கொண்டுபோ. சரளையில் ஒரு கால் புதைந்தால் போதும்.

சித்தப்பா, 7:20
நான் ஒன்று கேட்கிறேன். பாரம் பின் அச்சுக்கு முன்னால் விழுகிறதா, பின்னால் விழுகிறதா? மாட்டு வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு எழும்பும். லாரியிலும் அதே கதை. முன் சக்கரம் லேசானால் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்காது.

முரளி, 7:26
கேம்பரின் பக்கத்தில் எடை மையத்துக்கு ஒரு அடையாளம் ஒட்டியிருக்கிறது. அளந்து பார்த்தேன், அச்சுக்கு 3 அங்குலம் முன்னால் வருகிறது.

சித்தப்பா, 7:27
நல்லது. வண்டி எவ்வளவு தாங்கும்?

முரளி, 7:31
ஓட்டுநர் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் 3,150 பவுண்டு. கேம்பர் வெறுமையாக 2,400.

பாலு மாமா, 7:33
அந்த 3,150க்குள் நீங்கள் நால்வரும் அடக்கம். காஸ், பேட்டரி, சாமான் எல்லாம் அடக்கம். தண்ணீர்த் தொட்டி 30 காலன் என்றாயே, அதுவே ஏறத்தாழ 250 பவுண்டு. காலியாக ஓட்டு, முகாமில் நிரப்பிக்கொள்.

கவிதா, 7:35
என் இட்லிக் குண்டான் போகுமா?

முரளி, 7:35
அது முதலிலேயே எழுதியாயிற்று.

சித்தப்பா, 7:38
பின்னால் எடுக்கும்போது சைகை காட்டுவது யார்? இங்கே கிளீனர் "ஹோல்டான்" என்று குரல் கொடுத்தால் ஓட்டுநரின் கால் தானாகப் பிரேக்கில் விழும். ஒரே ஆள், ஒரே சொல். நான்கு பேர் கத்தினால் ஒன்றும் கேட்காது.

கவிதா, 7:39
நான்தான், சின்ன மாமா.

பாலு மாமா, 7:41
கேம்பரின் முன்சுவர் நடுவிலும் வண்டியின் பின்கண்ணாடி நடுவிலும் வண்ண டேப் ஒட்டுங்கள். கவிதா, நீ அந்த இரண்டு கோடுகளையும் பார்த்தபடி பக்கவாட்டில் நில். கேம்பருக்கும் வண்டிக்கும் நடுவே போகாதே. தொட்டியின் பின் கதவைக் கழற்றிவிடுங்கள். கேம்பருக்குள் ஆள் கூடாது, காஸ் மூடியிருக்க வேண்டும். வண்டி ஜாக்கிக் காலில் இடித்தால் எல்லாம் தரையில்தான். மதியம் காற்று எழும்பும் என்கிறார்கள், காலையிலேயே முடியுங்கள்.

முரளி, 7:42
கட்டை வாங்கக் கிளம்புகிறேன். கடை ஒன்பது வரைதான்.

ஞாயிற்றுக்கிழமை

முரளி, காலை 9:52
[படம்]
உட்கார்ந்துவிட்டது. இடப்பக்கக் காலுக்கும் சக்கர வளைவுக்கும் மூன்று விரல் இடைவெளிதான். கவிதா ஐந்து முறை ஹோல்டான் சொன்னாள்.

கவிதா, 9:53
ஆறு. ஒன்று இவர் காதில் விழவில்லை. வண்டியின் முன்னால் போய்க் கையைத் தூக்கி நின்றேன்.

பாலு மாமா, 9:56
கட்டுச் சங்கிலி நான்கும் மாட்டிய பிறகுதானே கால்களைச் சுருக்கினாய்?

முரளி, 9:57
ஆமாம் மாமா. எடை ஏறியதும் வண்டியின் பின்பக்கம் இரண்டு அங்குலத்துக்கு மேல் அமர்ந்துவிட்டது.

பாலு மாமா, 9:59
அமரும். இதை நினைவில் வை: இறக்கும்போது ஜாக்கியை ஏற்ற ஏற்ற, முதல் இரண்டு அங்குலம் வண்டியும் கூடவே எழும்பி வரும். கேம்பர் பிரிந்துவிட்டது என்று நினைத்து வண்டியை எடுத்துவிடாதே. வண்டியையும் கேம்பரையும் இணைக்கும் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். இப்போது கிளம்பியதும் இருபது கிலோமீட்டரில் ஓரங்கட்டி நான்கு கட்டுச் சங்கிலிகளையும் திரும்ப இறுக்கு.

முரளி, 10:01
மின்கம்பி...

முரளி, 10:04
இப்போதுதான் செருகினேன். பின் விளக்கு எரிகிறது.

சித்தப்பா, 10:06
கிளீனருக்குப் படி கொடுத்தாயா?

கவிதா, 10:07
இன்னும் வரவில்லை, சின்ன மாமா.