சீன் சரி, ஃபாலோ எங்க?

சென்னையில் யாராவது அலட்டிக்கொண்டால் "சீன் போடுறான்" என்போம். மதுரையிலிருந்து வந்த ரூம்மேட் ஒருத்தன், "நீங்க சொல்ற சீனும் எங்க ஊர் அலப்பறையும் ஒண்ணுதானடா?" என்று கேட்டான். கிட்டத்தட்ட வரும், ஆனால் ஒன்று இல்லை. அலப்பறைக்குச் சத்தம் வேண்டும், சீனை வாயே திறக்காமல் போடலாம்.

புதுவண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருக்கோடி கேரம் கிளப்பில் பார்த்ததைச் சொல்கிறேன். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கிய காசிமா எங்கள் ஏரியாப் பெண் என்பதால், அந்த வருடக் கடைசியில் கிளப்பில் ஒரே புதுக் கூட்டம். அதில் ஒருத்தன் ஸ்ட்ரைக்கரை வெல்வெட் டப்பாவில் கொண்டுவருவான். டப்பாவைத் திறந்து, சட்டை நுனியில் துடைத்து, லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, பவுடரை ஊதி, கழுத்தை இரண்டு பக்கமும் சொடுக்கி, அப்புறம்தான் அடிப்பான், இவ்வளவும் ஒரு காய்க்கு. காய் விழுந்தால் அவன் பார்ப்பது குழியை இல்லை, கடைக்கண்ணால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற எங்களை. அந்தப் பார்வைக்குத்தான் இங்கே சீன் என்று பேர்.

ஒருநாள் ரெட்டை, அதான் அந்த ஒற்றைச் சிவப்புக் காயை, குழியில் போட்டுவிட்டு எழுந்து நின்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். ரெட் போட்டால் அடுத்த அடியிலேயே தன் காய் ஒன்றையும் போட வேண்டும், அதுதான் ஃபாலோ, இல்லாவிட்டால் ரெட் நடுவுக்குத் திரும்பிவிடும். காய் குழி வாயிலேயே இருந்தது, குழந்தைகூடப் போடும். இவன் பெஞ்சைப் பார்த்துக்கொண்டே அடித்தான், விழவில்லை. ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டயரான பெரியவர் ஒருவர் மெதுவாகக் கையை விட்டு ரெட்டை எடுத்து நடுவில் வைத்து, "சீன் சரி தம்பி, ஃபாலோ எங்க?" என்றார்.

இப்போது எங்கள் தெருவில் யார் தவணையில் பைக் எடுத்து ஓவராகத் துடைத்தாலும் இதே கேள்விதான்.

*

எங்க மச்சான் கதை இது. ஞாயிறு விடியற்காலை காசிமேடு மீன் மார்க்கெட், இன்னும் சரியாக வெளுக்கவேயில்லை, அவர் கண்ணில் கூலிங் கிளாஸ். மீனைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். கூடைக்காரம்மா நிமிர்ந்து பார்த்து, "கண்ணாடியக் கழட்டிட்டு செவுளப் பாரு நைனா, இன்னா கலர்ல கீதுன்னு" என்றார். மச்சான் பேரமே பேசாமல் நோட்டை எண்ணிக் கொடுத்தார் பாருங்கள், அது சீன் இல்லை, பந்தா. வீட்டுக்கு வந்து கவரைப் பிரித்தால் வஞ்சிர விலைக்குப் பாறை மீன்.

அக்கா அதைக் குழம்பு வைத்துவிட்டார். நாங்கள் யாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை.