எட்டு மணி ஜெபத்தை நிறுத்தலாமா?

பாளையங்கோட்டையான்:
எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். ஒரு பாமாலைப் பாட்டு, பைபிளிலிருந்து ஒரு சங்கீதம், ஆளுக்கொரு ஜெபம், கடைசியில் பரமண்டல ஜெபம். இப்போது மகனுக்கு டியூஷன், மனைவிக்கு ஷிப்ட். நான்கு பேரும் ஒரே பாயில் உட்காருவதே அபூர்வம். "குடும்பத்தைக் கவனிப்பதே ஜெபம்தான், மச்சான்" என்கிறாள் கொழுந்தியாள். அப்படியே விட்டுவிடலாமா?

வேதம் மட்டும்:
விடாதீர்கள் பிரதர். எல்லாமே ஜெபம் என்று ஆரம்பித்தால் கடைசியில் ஜெபம் என்று எதுவும் மிஞ்சாது. சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529-ல் எழுதிய, விசுவாசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லித்தரும் சிறிய ஞானோபதேசத்தைப் பாருங்கள். குடும்பத்தலைவன் தன் வீட்டாருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பகுதிக்குப் பகுதி தலைப்பிலேயே இருக்கும். 1706-ல் தரங்கம்பாடி வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அதைத் தமிழில் கொடுத்தார். நம் சபைகளுக்கு வீட்டு ஜெபம் நேற்று வந்த பழக்கம் இல்லை.

சாயர்புரத்து அக்கா:
தலைவன் சொல்லிக்கொடுக்கும்போது தோசைக்கல் பக்கத்தில் நின்றது யார் தம்பி? எங்கள் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைத்து ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கொண்டுபோவார். பிடி அரிசிக் காணிக்கை என்றால் திருநெல்வேலிப் பக்கத்தவர்களுக்குத் தெரியும். அதற்கு மணியும் கிடையாது, பாயும் கிடையாது. படுக்கையில் இருக்கும் என் மாமியாரைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகில் பவுடர் போட்டு முடிக்கும்போது மணி ஒன்பதாகிவிடும். எட்டு மணி ஜெபத்துக்கு நான் வரவில்லை என்று ஆண்டவர் அட்டெண்டன்ஸ் எடுக்கிறாரா? தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8-ல்தான் இருக்கிறது.

வேதம் மட்டும்:
அக்கா, இயேசு வீட்டுக்கு வந்தபோது மார்த்தாளும் வேலைதான் பார்த்தாள், அவள் சகோதரி மரியாள் அவர் பாதத்தில் உட்கார்ந்து வசனம் கேட்டாள். நல்ல பங்கு யாருக்குப் போனது?

சாயர்புரத்து அக்கா:
சமைக்காதே என்று இயேசு சொன்னாரா? "கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்றுதான் சொன்னார். மாற்கு 7-ஐயும் வாசியுங்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தப்பித்தவர்களை அவர் விடவில்லை. உபாகமம் 6:7-ல் கர்த்தருடைய வார்த்தைகளை வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுக்கிறபோது, எழுந்திருக்கிறபோது பேசு என்று வரும். எட்டு மணியை நான் பார்க்கவில்லை.

ஜெபமாலைக்காரன்:
நான் கத்தோலிக்கன், நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று எங்கள் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-லேயே சொல்லிவிட்டது. அதனால் அக்கா பக்கம்தான் எனக்குச் சாய்வு. ஆனால் வேலையே ஜெபம் என்பவர்கள் உதாரணம் காட்டும் சகோதரர் லாரன்ஸ், 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்துச் சமையல்காரர். அடுப்படியும் ஜெப வேளையும் தனக்கு ஒன்றுதான் என்றார். ஆனாலும் மடத்தின் ஜெப வேளைக்குப் போகாமல் இருக்கவில்லை. இதை மட்டும் யாரும் சொல்வதில்லை!

ஹாஸ்டல்வாசி:
அந்தப் பாயில் வளர்ந்த பிள்ளையும் ஒரு வார்த்தை சொல்லலாமா? எங்கள் அப்பா ஜெபத்திலேதான் என்னைத் திட்டுவார். "ஆண்டவரே, இவன் கணக்கில் 42 வாங்கியிருக்கிறான், செல்போனிலிருந்து இவனை விடுவியும்." ஆண்டவருக்கு என் மார்க் தெரியாதா? கண்ணை மூடிக்கொண்டு பேசுவதால் எதிர்த்துப் பேசவும் முடியாது. இன்றைக்கும் யாராவது "ஜெபிப்போம்" என்றால் வயிற்றைக் கலக்குகிறது. அதே அப்பா, எனக்கு டைபாய்டு வந்தபோது ராத்திரி முழுக்க ஈரத்துணி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை. விசுவாசம் என்று எனக்கு ஏதாவது இருந்தால் அது அந்த ராத்திரியில் வந்ததுதான்.

வேதம் மட்டும்:
அது உங்கள் அப்பா ஜெபித்த விதத்தின் தப்பு தம்பி, குடும்ப ஜெபத்தின் தப்பு இல்லை. ராத்திரி முழுக்க உட்காரும் பொறுமை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா?

ஹாஸ்டல்வாசி:
பாட்டியிடமிருந்து. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

பாளையங்கோட்டையான்:
சரி, நேரத்தை நான் மாற்றிக்கொள்கிறேன். ஞாயிறு இரவும் புதன் இரவும் மனைவிக்குத் தோதுப்படும், அன்றைக்கு அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். இன்னொரு சிக்கல்: பெரியவன் சத்தமாக ஜெபிக்கவே மாட்டேன் என்கிறான். கட்டாயப்படுத்தலாமா?

சாயர்புரத்து அக்கா:
வேண்டவே வேண்டாம். மத்தேயு 6:6-ஐ வாசியுங்கள், கதவைப் பூட்டிக்கொண்டு அந்தரங்கத்தில் ஜெபிக்கச் சொல்லியிருக்கிறது.

வேதம் மட்டும்:
சத்தமாக வேண்டாம், சரி. பாயில் வந்து உட்காரட்டும்.