அணிலுக்கும் முயலுக்கும் எந்தக் காலிபர்? மருந்து கெட்டிக்கும் ரைஃபிள் அனுபவங்கள்

நெல்லிக்குப்பத்தான்:
அமெரிக்காவின் கென்டக்கியில் வேலை பார்க்கும் என் மைத்துனர், குழல்வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் கெட்டிக்கும் ரகத்தில் மான் வேட்டைக்கு வைத்திருந்த 50 காலிபர் (குழல் விட்டம் அரை அங்குலம்) ரைஃபிளையே அணிலுக்கும் எடுத்து வந்தார். புகை விலகியதும் ஓக் மரத்தடியில் கிடந்தவை வாலும் ஒரு பின்னங்காலும்தான். குழம்பு வைக்க எதுவும் மிஞ்சவில்லை. அந்த உருண்டைக் குண்டு ஏறக்குறைய 177 கிரெய்ன் (சுமார் பதினொன்றரை கிராம்), 32 காலிபர் குண்டோ 45 கிரெய்ன்தான். அணிலுக்கு எதற்கு நான்கு மடங்கு ஈயம் என்ற எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அடுத்த பருவத்துக்கு 32 வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

முத்தியால்பேட்டைவாசி:
ஐயா, குற்றம் காலிபரில் இல்லை. 45 காலிபரில்கூட மருந்தைக் குறைத்துத் தலையைக் குறிவைத்தால் கறி கெடாது. பென்சில்வேனியாவில் என் மகனுடைய நண்பர் 32 வைத்திருந்தார். சில வெடிகளுக்குள் கரி படிந்து, துணி சுற்றிய குண்டு பாதிக் குழலில் நின்றுவிட, அவர் வலிந்து அழுத்தியதில் குண்டை உள்ளே தள்ளும் மெல்லிய மரக்கோல் சடக்கென்று முறிந்து உள்ளங்கையைக் கிழித்தது. எனவே 36 வாங்கட்டும். குண்டு சுமார் 65 கிரெய்ன், காற்றுக்கும் அவ்வளவு விலகாது. எதுவானாலும், இடையிடையே ஈரத்துணியால் குழலைத் துடைக்க வேண்டும். கோலைக் குழல்வாய்க்கு அருகில் பிடித்துச் சிறிது சிறிதாக இறக்க வேண்டும். குண்டு மருந்தின்மேல் உட்கார்ந்துவிட்டதா என்று பார்க்கக் கோலில் ஒரு கோடு கீறிக்கொள்ள வேண்டும், ஏனெனில் நடுவில் இடைவெளி இருந்தால் குழலே வெடிக்கக்கூடும். இக்காலத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தைக் கையாலும் தொடக்கூடாது.

பண்ருட்டி முந்திரி:
நண்பர் கைவைத்தியம்போல் மருந்தைக் குறைக்கச் சொல்கிறார். குறைத்தால் குண்டு தாழ்ந்து பாயும், மானுக்குச் சரிசெய்த குறி அணிலுக்கு உதவாது. நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியில் எந்தக் காலிபர் என்ற கேள்வியே எழாது, அதன் குழலில் குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளம் கிடையாது, ஒற்றைக் குண்டுக்குப் பதில் சிறு குண்டுகளைக் கொட்டிக் கெட்டிப்பார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன், எங்கள் முந்திரித் தோப்பில் ஒரு நரிக்குறவர் பெரியவர், கருமருந்தின்மேல் தேங்காய் நாரை அடைத்து, பால்ரஸ் குண்டுகளை எண்ணாமல் உள்ளங்கையிலிருந்து சரித்துக் கெட்டித்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. இன்று இங்கே முயலைச் சுட்டால் சிறைதான், யாரும் ஆசைப்பட வேண்டாம். மைத்துனருக்கு அணில் மட்டும் என்றால் 32 போதும், கோலைப் பித்தளையில் மாற்றிக்கொள்ளட்டும். முயலும் உண்டென்றால் 36.