கும்பகோணம் வங்கியின் பழைய கிளைகள்: எது சொந்தமாகத் திறந்தது, எது இணைப்பில் வந்தது?

கேள்வி: தஞ்சைப் பகுதி வங்கிகள் பற்றிய தொகுப்புக்காகக் கேட்கிறேன். இன்றைய சிட்டி யூனியன் வங்கி 1904-ல் கும்பகோணம் வங்கியாகத் தொடங்கியது. முதல் கிளையோ மன்னார்குடியில், 24.1.1930-ல்தான். நடுவே கால் நூற்றாண்டு வெளியூர் வியாபாரமே இல்லையா? குடவாசல், வலங்கைமான் கிளைகளை எந்த ஆண்டில் சேர்ப்பது?

பதில் 1: வியாபாரம் இருந்தது, கிளைதான் இல்லை. ஆரம்பத்தில் ஏஜென்சி முறையில், அதாவது முகவர்கள் மூலம்தான் நடத்தினார்கள். மன்னார்குடிக்குப் பிறகு நாகப்பட்டினம், சன்னாநல்லூர், அய்யம்பேட்டை, திருக்காட்டுப்பள்ளி, திருவாரூர், மணப்பாறை, மாயூரம், பொறையாறு. மணப்பாறையைத் தவிர எல்லாம் காவிரிப் பாசன ஊர்கள். பழைய ஆவணங்களில் மயிலாடுதுறை என்று தேடினால் கிடைக்காது, மாயூரம் என்றே தேடுங்கள். ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் (அட்டவணை வங்கிகளின் பட்டியல்) வங்கி சேர்ந்தது 22.3.1945.

பதில் 2: நீங்கள் கேட்ட இரண்டும் சொந்தக் கிளைகள் அல்ல. 1957-ல் காமன்வெல்த் வங்கியை எடுத்துக்கொண்டபோது ஆடுதுறை, குடவாசல், வலங்கைமான், ஜெயங்கொண்டம், அரியலூர் ஆகிய 5 கிளைகள் வந்தன. ஆகவே பட்டியலில் 'திறந்த ஆண்டு', 'இந்த வங்கிக்கு வந்த ஆண்டு' என்று இரண்டு நெடுவரிசை போடுங்கள். ஒரே நெடுவரிசையில் எழுதினால் 1957-ல் திடீரென்று 5 கிளை திறந்த மாதிரி ஆகிவிடும். ஜெயங்கொண்டமும் அரியலூரும் அப்போது திருச்சி மாவட்டம்.

அடுத்தது 1965 ஏப்ரல். சிட்டி ஃபார்வர்ட் வங்கி 6 கிளைகளோடும் யூனியன் வங்கி 5 கிளைகளோடும் இணைந்தன. பெயர் கும்பகோணம் சிட்டி யூனியன் வங்கி ஆனது. இந்த யூனியன் வங்கி உள்ளூர் வங்கி. மும்பையில் தலைமையகம் உள்ள யூனியன் பேங்க் ஆஃப் இந்தியாவோடு குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

பதில் 3: இணைப்பு ஆவணம் தேடும் முன் அது எந்தப் பிரிவில் நடந்தது என்று பாருங்கள். வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 44ஏ என்றால் பங்குதாரர் கூட்டத்தின் ஒப்புதல், அதன் மேல் ரிசர்வ் வங்கி அனுமதி. 45 என்றால் அரசு ஆணையிடும் இணைப்பு; அதற்கு மத்திய அரசிதழைப் புரட்ட வேண்டும். 1960-ல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி விழுந்தபின் 45-க்கு வலு கூட்டப்பட்டது. அந்தப் பத்தாண்டில் சிறு வங்கிகள் வரிசையாக மறைந்ததற்கு அது முக்கியக் காரணம்.

கட்டடக் கல்வெட்டை மட்டும் நம்பாதீர்கள். அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி புதுக் கிளைக்கும் வேறு ஊருக்கு மாற்றவும்தான் ரிசர்வ் வங்கி அனுமதி வேண்டும். அதே ஊருக்குள் இடம் மாறினால் வேண்டியதில்லை. அதனால் கல்லில் இருப்பது கிளை திறந்த தேதியா, புதுக் கட்டடம் புகுந்த தேதியா என்று சரிபார்க்காமல் எழுதக் கூடாது.

தமிழ்நாட்டுக்கு வெளியே முதல் கிளை பெங்களூரு சுல்தான்பேட்டை, செப்டம்பர் 1980. இன்றைய பெயர் டிசம்பர் 1987-லிருந்து.