ஜாவா 8: பெரிய ஸ்ட்ரீமை வேகமாக நகலெடுக்க வழி?

வணக்கம் நண்பர்களே. சாக்கெட்டிலிருந்து (நெட்வொர்க் இணைப்பு) வரும் இன்புட்ஸ்ட்ரீமை (பைட்டுகளின் ஓட்டம்) அப்படியே ஒரு கோப்பில் எழுத வேண்டும். அளவு சில சமயம் 2 ஜிபி வரை போகும். முதலில் ஒவ்வொரு பைட்டாகப் படித்து எழுதினேன், ஆமை வேகம். அப்புறம் 8192 பைட் அரேயை பஃபராக (தற்காலிக இடமாக) வைத்தேன். வேகம் வந்தது, ஆனால் கோப்பின் வாலில் குப்பை! ரீட் மெத்தட் திருப்பித் தந்த, உண்மையில் படித்த பைட்டுகளின் எண்ணிக்கையைப் பார்க்காமல் அரே முழுவதையும் எழுதியிருக்கிறேன். சரி, அதைத் திருத்தியாயிற்று.

இப்போது கேள்வி: பஃபரை 64 கேபி ஆக்கினால் உண்மையில் பலன் உண்டா? ஸ்ட்ரீமை நேராக நகலெடுக்க ஜாவா 9-இல் வந்த டிரான்ஸ்ஃபர்டூ மெத்தட் எங்களுக்குக் கிடையாது. ஜாவாவிலேயே இருக்கும் நகலெடுக்கும் மெத்தடான ஃபைல்ஸ்.காப்பி உள்ளே பார்த்தால் அதுவும் அதே 8192 தான். ஃபைல்சேனலுக்கு (கோப்பைப் படிக்க, எழுத ஜாவா தரும் இன்னொரு வழி) மாறினால் வித்தியாசம் தெரியுமா? பெரிய அரே இருக்கும்போது மேலே பஃபர்டு ஸ்ட்ரீமும் (தனக்கென்று உள்ளே ஒரு பஃபர் வைத்திருக்கும் ஸ்ட்ரீம்) சுற்றுவது வீண் என்று நினைக்கிறேன், தவறென்றால் சொல்லுங்கள்.